ஃபுல் லோடுக்கு எத்தனை பவுண்டு, மருமவனே?

மருமவனே, ட்ரெய்லர் வாங்கிட்ட. நம்ம ஊரு குடிகாடு முச்சூடும் தெரிஞ்சுபோச்சு. தெரியாம எப்பிடி இருக்கும்? நாலு மூலையிலயும் கலர் பல்பு, டிராக்டர் மேல ரெண்டு பாட்டுப் பொட்டி, பின்கதவுல ‘மாமன் மனசு வச்சா மலையும் நகரும்’னு கொட்ட எழுத்து. அந்த மாமன் நானில்லன்னு எனக்குத் தெரியும். முன்பணம் கட்டுனது ஒன் மாமனாரு, அதனால எழுத்தும் அவருக்குத்தான். இருக்கட்டும். பூசை போட்டு, நாலு டயர்லயும் எலுமிச்சம்பழம் நசுக்கி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் கரும்பு ஏத்தக் கெளம்புற நேரத்துல வந்து, “மாமா, டயருக்கு எத்தனை பவுண்டு காத்து புடிக்கறது?”ன்னு கேக்குற. பரவால்லடா, கெளம்பறதுக்கு முன்னாடியாவது கேட்ட. நம்ம பக்கம் பல பேரு வெடிச்ச பின்னாடிதான் கேக்குறான்.

எத்தனை டன்னு ஏத்தப் போறன்னு நான் திருப்பிக் கேட்டா, “ஃபுல் லோடு மாமா”ங்கற. ஃபுல் லோடுன்னு ஒரு எடை எந்தத் தராசுலயும் கெடையாது. ஒனக்கு ஃபுல் லோடுன்னா கயிறு எட்டுற வரைக்கும். ஒன் கூட்டாளிக்கு கரண்டு கம்பி இடிக்கற வரைக்கும். டயருக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது கிலோ ஒண்ணுதான்.

வண்டிய எது தாங்குதுன்னு கேட்டா டயருன்னு சொல்லுவ. பட்டன் பெருசா, கருகருன்னு இருக்குதே, அதுதான் தாங்குதுன்னு நெனைப்பு. பாரத்தத் தாங்குறது உள்ள இருக்குற காத்து. ரப்பருக்கும் நூலுக்கும் அந்தக் காத்து ஓடிப்போவாமப் புடிச்சி வைக்கறதுதான் பெரிய வேல. பவுண்டுன்னு நீ சொல்றியே, அது ஒரு சதுர அங்குலத்து மேல காத்து எத்தனை பவுண்டு எடைய முட்டிக்கிட்டு நிக்குதுங்கற கணக்கு. ஒன் வண்டியும் கரும்பும் சேந்து 8 டன்னுன்னு வச்சுக்க. நாலு சக்கரம், தலைக்கு 2 டன்னு, அதாவது 4,400 பவுண்டு எடை. உள்ள 80 பவுண்டு காத்து இருந்தா 55 சதுர அங்குலம் தரையில பட்டாப் போதும். அதே டயர்ல 40 பவுண்டுதான் இருந்தா 110 சதுர அங்குலம் படணும். அம்மாம் எடத்துக்கு டயரு எங்க போவும்? பக்கவாட்டுல பிதுங்கி, நசுங்கித்தான் அந்த எடத்தத் தேடிக்கும். சக்கரம் ஒரு சுத்து சுத்துனா ஒரு தரம் நசுங்கி நிமிரும். சிப்காட்ட தாண்டி, முதுநகரு, திருப்பாப்புலியூரு, நெல்லிக்குப்பம்னு போறதுக்குள்ள எத்தனை ஆயிரம் தரம் நசுங்கி நிமிருதுன்னு நீயே எண்ணிக்க. ஒவ்வொரு தரத்துக்கும் கொஞ்சம் சூடு. ரப்பர் சூட்ட சீக்கிரம் வெளிய வுடாது. நூலுக்கும் ரப்பருக்கும் இருக்குற ஒட்டு உட்டுப்போவும். அப்பறம் படார்னு ஒரு சத்தம். நீ “ரோட்டுல ஆணி”ன்னு சொல்லுவ. ஆணி மேல பழி போடறது சுலபம், அது திருப்பிப் பேசாது.

80 பவுண்டுன்னு நான் சொன்னது கணக்குக்கு. அதப் புடிச்சிக்கிட்டுப் போயி பஞ்சர் கடையில “மாமா 80 சொன்னாரு”ன்னு நிக்காத. அவன் ஏற்கெனவே ஒரே நம்பர வச்சிக்கிட்டு ஆட்டோவத் தவுர மீதி எல்லா வண்டிக்கும் காத்தடிச்சிக்கிட்டு இருக்கான்.

இந்தக் காத்து டயருக்கு ஒரு கத இருக்குது, கேட்டுக்க. மொதல்ல யோசிச்சது தாம்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு, 1845-ல உரிமையும் வாங்கிட்டாரு. அப்போ வாங்க ஆளில்ல. அப்பறம் 1888-ல டன்லப்புன்னு ஒருத்தரு, மவன் ஓட்டுற மூணு சக்கர சைக்கிளு குலுங்குதேன்னு ரப்பர் குழாயில காத்து அடிச்சி மாட்டுனாரு. அந்த டன்லப்பு என்னா தொழிலு தெரியுமா? மாட்டு டாக்டரு. நம்ம மெட்ராஸ் கதயும் ஒண்ணு இருக்குது. எம்.ஆர்.எஃப்.னு டயர் மேல பாக்குறியே, அந்தக் கம்பெனிய 1946-ல திருவொத்தியூர்ல மாம்மன் மாப்பிள்ளை ஆரம்பிச்சப்போ செஞ்சது கொழந்தைங்க ஊதுற பலூனு. மாட்டு டாக்டரும் பலூன் யாவாரியும் காத்த நம்பிப் பெரிய ஆளானாங்க. நீ கடன் வாங்கி டிராக்டரு எடுத்துட்டு காத்த நம்ப மாட்டங்குற. ஏன்? அது ஓசியில கெடைக்குது. அதுக்கு மாசத் தவணை போட்டிருந்தா தெனம் நின்னு அளந்து பாப்ப.

சரி, எடைக்கு வா. நெல்லிக்குப்பத்துல 1842-லேர்ந்து சக்கரை ஆலை இருக்குது. நாங்க டயர் மாட்டு வண்டி பூட்டிக்கிட்டு வரிசையில நின்ன காலத்துலயும் எடைமேடை உண்டு, இப்பவும் உண்டு. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலைக்குப் போனாலும் அதே மொறதான். கரும்போட ஒரு எடை, கொட்டிட்டு காலியா ஒரு எடை, கழிச்சாக் கரும்பு. அந்தச் சீட்ட நீ என்னா பண்ணுவ? கரும்பு எத்தனை டன்னு, பணம் எவ்ளோன்னு பாத்துட்டு மடிச்சி சட்டப் பையில வைப்ப, எந்தங்கச்சி சட்டையோட சேத்து சோப்புல ஊற வைப்பா. அடப்பாவி, மொத்த எடை, காலி எடை ரெண்டும் அதுலதாண்டா இருக்குது. எங்கிட்ட கேக்குற கேள்விக்கு முக்கால்வாசி பதிலு சோப்புத் தண்ணியிலயே போயிடும்.

மீதி காலு என்னான்னா, நாலு சக்கரமும் சமமாத் தாங்குறதில்ல. ஆளுங்க கட்டு ஏத்துறப்போ பின்னால குமிச்சிடறான், எறக்க சுலபம்னு. அப்போ பின் அச்சு முக்கும், முன் அச்சு சும்மா கூட வரும். ஆலை சீட்டுல அது தெரியாது. ரோட்டோர எடைமேடையில காசு குடுத்து, ட்ரெய்லரோட முன் அச்ச மட்டும் ஏத்தி ஒரு எடை, பின் அச்ச மட்டும் ஏத்தி ஒரு எடை போட்டுப் பாரு. போதாததுக்கு நம்ம ரோடு மழத்தண்ணி ஓடறதுக்காக ஓரத்துக்குச் சரிஞ்சிருக்குது. இடது பக்கம் ஓட்டுறோம், அதனால இடது டயருக்குக் கொஞ்சம் கூடப் பாரம். எந்த அச்சுல எந்த சக்கரம் அதிகமா சொமக்குதோ, அதுக்கு எத்தனை பவுண்டு வேணுமோ, அதையே அந்த அச்சுல ரெண்டு பக்கமும் வையி. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணுன்னு வச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போவும்.

இப்போ டயர் ஓரத்தப் படி. அதுல இருக்குற எழுத்த கம்பெனி பேரு வரைக்கும் படிச்சிட்டு நிறுத்திக்குற. 9.00-16னு இருந்தா அளவு. பக்கத்துல 14 பி.ஆர்., 16 பி.ஆர்.னு இருக்கும். அந்தக் காலத்துல உள்ள எத்தனை அடுக்கு பருத்தித் துணிங்கற கணக்கு அது. இப்போ நைலான் வந்துட்டுது, அறுத்துப் பாத்தா பதினாறு அடுக்கெல்லாம் இருக்காது, பலத்துக்கு ஒரு அளவாப் போடறான். பி.ஆர். ஏற ஏற அதிக காத்து புடிக்கும், அதிக எடை தாங்கும். பதினாறு வாங்கிட்டு பதினாலுக்கு உண்டான காத்து புடிச்சா கூடக் குடுத்த காசு தண்டம். அப்பறம், உச்சமா எத்தனை கிலோ, அதுக்கு எத்தனை பவுண்டுன்னு ஓரத்துல போட்டிருக்கும். இல்லாட்டி கம்பெனி அட்டவணையில இருக்கும், கடைக்காரன்ட்ட கேட்டா எடுத்துக் குடுப்பான். எடை கொறஞ்சா எத்தனை பவுண்டுன்னு படிப்படியா அதுலயே இருக்குது. உச்சத்த ஒரு பவுண்டு கூடத் தாண்டாத. டயரு தாங்குனாலும் அத மாட்டியிருக்குற டிஸ்க்கு தாங்கணும்.

வெளிநாட்டுல காருக்குப் பின்னால வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டுப் போறானாமே, கேரவன்னு. நம்ம ஊர்ல கேரவன்னா நடிகருங்க வெயில்ல மூஞ்சி கரையாம ஒக்காந்திருக்குற வண்டி. கேரளாக்காரன் 2021-ல அதையே சுற்றுலாவாக்கிட்டான். ஆனா நான் சொல்றது இஞ்சின் இல்லாத வீடு, ஒன் ட்ரெய்லருக்கு அண்ணன் மொற. உள்ள கட்டிலு, ஃபிரிட்ஜு, அடுப்பு, தண்ணித் தொட்டி. வாங்குறப்போ ஒரு எடை, பொண்டாட்டி சாமான் ஏத்துன பின்னாடி வேற எடை. அவனும் ஒன்ன மாதிரியேதான் கேக்குறான், எத்தனை பவுண்டுன்னு. அதுல ரெண்டு கட்சி. ஓரத்துல போட்டிருக்குற உச்சத்தையே வையிங்கறான் ஒருத்தன், ரெட்டை அச்சு வண்டி வளைவுல திரும்புறப்போ டயரு பக்கவாட்டுல தேய்ச்சிக்கிட்டுப் போவுது, வெறப்பா இருந்தாத்தான் தாங்கும்னு. எடை போட்டு அட்டவணையப் பாத்து வையிங்கறான் இன்னொருத்தன், உச்சத்துல வச்சா வீடு குதிச்சி பாத்திரமெல்லாம் உருளுதுன்னு. என்னக் கேட்டா, எடை சீட்டு கையில இருக்குறவன் அட்டவணையப் பாத்து அதுக்கு மேல கொஞ்சம் சேத்து வைக்கட்டும். சீட்டு இல்லாதவன் பேசாம ஓரத்துல போட்டிருக்கறத வைக்கட்டும். கொறச்சி வைக்குற உரிமை அளந்தவனுக்கு மட்டுந்தான்.

அவங்கிட்ட இன்னொரு பழக்கம் இருக்குது, அது நமக்கும் வேணும். மொத்த எடையில நூத்துக்கு பத்துலேர்ந்து பதினஞ்சு பங்கு கொக்கி மேல ஒக்கார்ற மாதிரி சாமான அடுக்குறான். பின்னால கனம் அதிகமானா வீடு வாலாட்டும், கார சேத்து கவுத்துடும். ஒன் கூட்டாளி ரெண்டு சக்கர ட்ரெய்லர்ல இதுக்கு நேர் எதிரா, முன்னால மலையா ஏத்திடறான், பாலத்து ஏத்தத்துல டிராக்டரு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்குது. முன் சக்கரம் ரெண்டும் ஆகாசத்துல. ஸ்டீரிங்க எந்தப் பக்கம் திருப்புனா என்னா? அப்போ ரெண்டு பயலுங்கள பானெட்டு மேல ஒக்கார வைக்குறான். நம்ம ஜில்லாவுல வேலையில்லாத் திண்டாட்டம் கொறஞ்சது அப்பிடித்தான்.

வேகத்தையும் சொல்லிடறன். அந்தக் கேரவன் டயருங்க காரு பின்னால வேகமா ஓடறதுக்குச் செஞ்சது. விவசாய டயர்ல ‘ஏ8’னு போட்டிருந்தா 40 கிலோமீட்டரு, ‘ஏ6’னா 30. அதுக்கு மேல போனா அட்டவணையில இருக்குற பவுண்டு கணக்கு எதுவும் செல்லாது. நீ பாட்டு போட்டுக்கிட்டு சிதம்பரம் ரோட்டுல பஸ்ஸ முந்தப் பாக்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. அந்தப் பாட்டு ஆலப்பாக்கம் வரைக்கும் கேக்குது.

காத்து எப்போ புடிக்கறதுன்னு கேளு. வெடியக்காலையில, டயரு குளுந்திருக்கும்போது. ஓடி வந்த வண்டின்னா மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும். பாதி டயரு புளியமரத்து நெழல்ல, பாதி டயரு வெயில்ல நின்னாக்கூட அளவு தப்பாக் காட்டும். நம்ம பயலுங்க பண்ற பெரிய புத்திசாலித்தனம் ஒண்ணு இருக்குது. அக்கினி நட்சத்திரத்துல லோடோட வந்து நின்னு, தொட்டுப் பாத்து, “அய்யோ கொதிக்குது, காத்து ஏறிடுச்சி”ன்னு புஸ்ஸுன்னு எறக்கி வுடறது. 80 பவுண்டு வச்ச டயரு, உள்ள இருக்குற காத்து 30 டிகிரி கூடச் சூடானா 9 பவுண்டு போல தானா ஏறும். அது ஏறணும்னுதான் செஞ்சிருக்கான், அதுக்கு எடம் வுட்டுத்தான் ஓரத்துல எழுதியிருக்கான். நீ அந்த ஒம்பத எறக்கி வுட்டா, ராத்திரி குளுந்த பின்னாடி 71தான் மிஞ்சும். காலையில அதே லோடு ஏத்துவ, முன்னவுட அதிகமா நசுங்கும், அதிகமா சூடாவும், மறுபடியும் எறக்குவ. சூடா இருக்குதேன்னு காத்த எறக்காத. ஒரு டயரு மட்டும் மத்ததவுட ரொம்ப சுடுதுன்னா நிறுத்தி, என்னா கோளாறுன்னு பாரு. காத்து கம்மியா இருக்கும், இல்லாட்டி பேரிங்கு போயிருக்கும்.

இரும்பு ராடால தட்டிப் பாக்குறியே, அத வுடு. டங்குன்னா நல்ல டயரு, தொப்புன்னா பஞ்சரு, அவ்வளவுதான் அதுல தெரியும். 80 இருக்க வேண்டிய எடத்துல 60 இருந்தாலும் டங்குன்னுதான் கேக்கும். நானும் அம்பது வருசமா டங்கு கேட்டவன், என் காதாலயே முடியல. ஏர் கேஜு ஒண்ணு வாங்கு. ஒன் பாட்டுப் பொட்டியில ஒரு மூடி வாங்குற காசு ஆவாது. நைட்ரஜன் அடிச்சா சூடாவாதுன்னு எவனோ சொன்னான்னு கேட்டியே. சாதாக் காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தாண்டா. மீதி இருவத்திரண்டு பங்குக்கு அவ்ளோ காசு குடுக்கணும்னா எனக்குக் குடு, நான் ஊதிவுடறன்.

வெயில் காலத்துல தண்ணி டேங்கர் ஓட்டப் போறன்னு சொன்ன. அதுக்கு எடைமேடையே வேணாம். ஒரு லிட்டரு தண்ணி ஒரு கிலோ. 5,000 லிட்டரு டேங்குன்னா தண்ணி மட்டும் 5 டன்னு, தொட்டி எடையும் சட்டம் எடையும் அதுக்கு மேல. கணக்கு கையிலயே இருக்குது. ஆனா பாதித் தண்ணியோட ஓட்டாத. காத்து எத்தனை சரியா இருந்தாலும் வளைவுல தண்ணி மொத்தமும் ஒரு பக்கம் அலையும், அந்தப் பக்கத்து டயருங்க ரெண்டும் ஒரு நொடி எல்லாத்தையும் சொமக்கும். ஒண்ணு ரொப்பு, இல்லாட்டி காலி பண்ணு.

டிராக்டரு டயரு வேற கத. கழனியில பெரிய சக்கரத்துக்கு 12 பவுண்டு பக்கம் போதும், மண்ண நல்லா கவ்வும், மண்ணும் இறுகாது. அதே பன்னண்டோட கரும்பு இழுத்தா தார் ரோட்டுல பட்டன் மொட்டையாவும். லோடு இழுக்குறப்போ எவ்ளோ ஏத்தணும்னு வண்டியோட குடுத்த பொத்தகத்துல இருக்குது. அது இன்னும் பிளாஸ்டிக் உறையிலயே சாமி படத்துக்குப் பின்னால இருக்கறத நேத்து பாத்தன். அதுவும் பூசை வாங்கிக்கிட்டு இருக்குது. சேத்துக்கு கனம் வேணும்னு டயருக்குள்ள தண்ணி ரொப்பியிருந்தா, வால்வு மேல வர்ற மாதிரி சக்கரத்த நிறுத்தி அளந்து பாரு. இல்லாட்டி கேஜுக்குள்ள தண்ணி ஏறி அதுவும் போச்சு.

பழைய டயரு ஜோடி மலிவா வருதுன்னு நீ வாங்கியிருக்கியே, அதோட ஜாதகத்தப் பாத்தியா? ஒன் கல்யாணத்துக்கு மூணு ஜோசியர்ட்ட போனவனாச்சே நீ. டயர் ஓரத்துல நாலு எண்ணு ஒரு கட்டத்துக்குள்ள இருக்கும். 2315னு இருந்தா 2015-ம் வருசம் இருவத்திமூணாவது வாரம் பொறந்ததுன்னு அர்த்தம். பட்டன் இருக்குதான்னு மட்டும் பாக்காத. ஓரத்துல மயிரு மயிரா வெடிச்சிருந்தா அந்த ரப்பர் உசுரு போயிடுச்சி. அதுல உச்ச பவுண்டு புடிச்சி எட்டு டன்னு ஏத்துனா நான் பக்கத்துல நிக்க மாட்டன்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாம சொல்றன். ஒன் ட்ரெய்லர் டிஸ்க்குல தனியா ஒரு இரும்பு ரிங்கு மாட்டியிருக்குது. டயரு மாத்திட்டு காத்து அடிக்கறப்போ அந்த ரிங்கு சரியா ஒக்காரலன்னா துப்பாக்கிக் குண்டு மாதிரி பிச்சிக்கிட்டு வரும். ஆளக் கொன்னுடும், பல ஊர்ல கொன்னிருக்குது. ரிங்கு இருக்குற பக்கத்த தரைக்குக் காட்டி வச்சி, சங்கிலி போட்டுக் கட்டி, குழாய நீட்டமா வச்சிக்கிட்டுத் தள்ளி நின்னு அடிக்கச் சொல்லு. நீயும் குனிஞ்சி வேடிக்கை பாக்காத. கொழந்தைங்கள கிட்டயே வுடாத.

காலி வண்டிக்கு என்னா பண்றதுன்னு அடுத்து கேப்ப. லோடுக்கு வச்ச காத்தோட காலியா வந்தா ட்ரெய்லரு குதிக்கத்தான் செய்யும், ஒவ்வொரு நடைக்கும் எறக்கி ஏத்திக்கிட்டு இருக்க முடியாது. மெதுவா வா. வேகமா வந்தா என்னா அவார்டா தரப் போறான்?

கடைசியா, நீ கேக்காம உட்ட கேள்வி. எடை டயரோட உச்சத்தையே தாண்டிடுச்சின்னா எத்தனை பவுண்டு வைக்கறது? அதுக்கு பவுண்டே கெடையாது மருமவனே. ரெண்டு டன்னு தாங்குற டயருக்கு மூணு டன்னு போட்டுட்டு, காத்துல சரிக்கட்டலாம்னு நெனைக்கறவனுக்கு எந்தக் கம்பெனியும் அட்டவணை போடல. அதுக்கு இருக்குற ஒரே வழி கரும்பு எறக்கறது. ஒரு நடை கூடப் போவும், டீசல் செலவு கூட ஆவும், ஒன் மாமனாரு மொணகுவாரு. மொணகட்டும். ரோட்டுல டயரு வெடிச்சி ட்ரெய்லரு சாஞ்சா, பக்கத்துல பைக்குல போற சிப்காட் கம்பெனி ஆளுக்கு ஒங்க கணக்கெல்லாம் தெரியாது.

ஆலையிலேர்ந்து அடுத்த கரும்பு கட்டிங் ஆர்டர் வந்த ஒடனே, ஆலை எடை சீட்டையும், ரெண்டு அச்சுக்கும் தனித்தனியாப் போட்ட சீட்டையும், டயர் ஓரத்துல இருக்குற எழுத்த ஒரு தாள்ல எழுதியும் கொண்டா. நான் பவுண்டு சொல்றன். சீட்டு இல்லாம வந்தா டீ மட்டுந்தான். கேஜும் நீயே வாங்கிட்டு வா, என்னுத கடன் குடுக்க மாட்டன்.